நூத்துக்காரரின் சந்தேகப் பட்டியல்

என் வீட்டுக்காரரைக் குதிரைப் பந்தயத் திடலில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நூத்துக்காரர் என்றுதான் சொல்வார்கள். எதைக் கேட்டாலும் நூற்றுக்கு இத்தனை என்று பதில் சொல்கிற ஆள் அவர். மழை வருமா என்றால் "நூத்துக்கு முப்பத்தஞ்சு" என்பார். பஸ் வருமா என்றால் "நேரத்துக்கு வர நூத்துக்கு இருபது, வந்தாலும் நிக்கிறதுக்கு அதுல பாதி" என்பார். பசிக்கிறதா என்று கேட்டால் மட்டும் நேராக ஆமாம் என்று சொல்வார். அதில் அவருக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

மற்ற எல்லாவற்றிலும் வரும். பால்காரர் சிரித்தால் தண்ணீர் கலந்திருக்கிறார். சிரிக்காவிட்டால், கலந்தது தெரிந்துவிடுமோ என்று பயப்படுகிறார். கடைக்காரர் தானாக விலையைக் குறைத்தால் எடுத்த பொருளை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவார். என்னைப் பெண் கேட்டு வந்தபோது எங்கள் அப்பா முதல் பேச்சிலேயே சரி என்று தலையாட்டிவிட்டாராம். அது போதாதா இவருக்கு? இவ்வளவு சுலபமாகக் கொடுக்கிறார்கள் என்றால் பெண்ணுக்கு என்ன குறை என்று விசாரிக்கத் தன் சித்தப்பாவை எங்கள் தெருவுக்கு அனுப்பினார். அந்த மனுஷன் மூன்று நாள் எதிர்க்கடையில் உட்கார்ந்து நான் நொண்டுகிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தாராம். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து இதை என்னிடம் பெருமையாகச் சொன்னார். அன்றைக்கு நான் சமைக்கவில்லை.

ஆனால் அவர் செய்கிற வேலைக்கு அந்தக் குணம் வேண்டியதுதான். வாரா வாரம் வெளிவரும் பந்தயக் கையேடு ஒன்றில் இருபத்தைந்து வருஷமாக விலை போடுகிறார். எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று சொல்வது அவர் வேலையில்லை. அப்படிக் கேட்கிறவர்களைக் கண்டாலே அவருக்கு எரிச்சல் வரும். "ஜெயிக்கிற குதிரையைத் தேடுறவன் பாவம். தப்பான விலையைத் தேடணும்" என்பார்.

அவர் சொல்வது இதுதான். ஒரு ஓட்டத்தில் பத்துக் குதிரைகள் என்றால், நூறை அந்தப் பத்துக்கும் பங்கு போட வேண்டும். போன ஐந்து ஓட்டத்தில் எப்படி ஓடியது, எத்தனை வினாடி எடுத்தது, இன்றைக்கு எவ்வளவு எடை சுமக்கிறது, எந்தக் கதவிலிருந்து கிளம்புகிறது, யார் ஓட்டுகிறார், தரை ஈரமா காய்ந்ததா, எல்லாம் பார்த்துப் பங்கு. ஒரு குதிரைக்கு இருபத்தைந்து விழுந்தால் அதன் நியாய விலை ஒன்றுக்கு மூன்று. பந்தயம் வாங்குகிற புக்கியின் பலகையில் அதற்கு ஒன்றுக்கு ஐந்து என்று போட்டிருந்தால் கட்டலாம். ஒன்றுக்கு இரண்டு என்றால், அது நிச்சயம் ஜெயிக்கும் என்று ஊரே சத்தியம் செய்தாலும் தொடக்கூடாது. தான் விலை போட்டு முடிக்கும்வரை பலகைப் பக்கமே திரும்ப மாட்டார். குதிரைகளின் பெயரையும் படிக்க மாட்டார், நம்பர்தான். பெயரைப் படித்தால் பாசம் வந்துவிடுமாம். "புக்கியோட பலகை விலையையெல்லாம் பங்கா மாத்திக் கூட்டிப் பாரு, நூத்திப் பதினெட்டு வரும். அந்தப் பதினெட்டுலதான் அவன் மாடி வீடு கட்டினான்" என்பார். அவருடைய பட்டியல் மட்டும் எப்போது கூட்டினாலும் நூறு வரும். அதில் அவருக்கு ஒரு கர்வம்.

இன்னொரு விதியும் வைத்திருந்தார். பலகையில் இருக்கிற விலை தன் விலையைப்போல இரண்டு மடங்கு இருந்தால் சந்தோஷப்படக்கூடாது. தனக்குத் தெரியாத எதுவோ யாருக்கோ தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். உடனே போய்க் குதிரையைப் பார்க்க வேண்டும். ஓட்டத்துக்கு முன்னால் குதிரைகளைச் சுற்றி நடத்திக் காட்டுகிற வளையம் ஒன்று உண்டு. அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, வியர்வை, தோல், காது, கால்கட்டு எல்லாம் பார்த்து, திருத்திய விலையை ஒரு துண்டுச்சீட்டில் எழுதுவார். அது சந்தா கட்டினவர்களின் போனுக்குப் போகும். கையேடு விற்பதே அந்தச் சீட்டுக்காகத்தான்.

அந்தக் கண்தான் போக ஆரம்பித்தது.

முதலில் அவர் சந்தேகப்பட்டது அச்சகத்தை. மையில் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்றார். அப்புறம் பல்பைச் சந்தேகப்பட்டார். "பல்புல கூடக் கலப்படம் வந்தாச்சு" என்று நாலு தடவை மாற்றினார். டம்ளருக்குப் பக்கத்தில் தண்ணீரை ஊற்றிவிட்டு, டம்ளரை நான் நகர்த்தினேன் என்றார். உலகத்தில் எல்லாரையும் விசாரித்து முடித்த பிறகுதான் கண் டாக்டரிடம் வந்தார். இரண்டு கண்ணிலும் புரை. இடது கண்ணில் முற்றிவிட்டது, தள்ளிப்போட்டால் உள்ளே அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுப்போகும், அப்புறம் அறுவை செய்தும் பார்வை திரும்பாது என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். இருபது நிமிஷ வேலை, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு நல்லபடியாக வரும் என்றார்.

அந்த மனுஷன் இந்த மனுஷனிடம் போய் நூற்றுக்கு இத்தனை என்று பேசலாமா?

"அந்த ரெண்டு பேரு யாரு?" என்று கேட்டார் இவர்.

"அது பொதுவாச் சொல்றதுங்க."

"பொதுவா யாருக்கும் கண்ணு போகாது டாக்டர். ஒருத்தனுக்குத்தான் போகும்."

படியிறங்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இவ்வளவு நல்ல விலை கொடுக்கிறான் என்றால் எதையோ மறைக்கிறான் என்று இவர் முடிவு கட்டியாகிவிட்டது. பந்தயக் காலம் முடியட்டும் என்றார். முடிந்தது. அடுத்தது ஆரம்பித்தது, அதுவும் முடியட்டும் என்றார். நான் கெஞ்சினேன், கத்தினேன், மூன்று நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். பேசாமல் இருந்ததை அவர் கவனித்தாரா என்பதே சந்தேகம்.

அப்படித்தான் நான் பந்தயத் திடலுக்குப் போக ஆரம்பித்தேன். அதுவரை அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்தவள் இல்லை. வீட்டில் குதிரைகளின் பழைய ஓட்டங்களை நான் சத்தமாகப் படிப்பேன், அவர் கண்ணை மூடிக்கொண்டு பங்கு போடுவார். திடலில் வளையத்துக் கம்பியோரம் அவர் பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்வேன். சுற்றி நாலு பேர் காது தீட்டிக்கொண்டு நிற்பார்கள் என்பதால் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கள் தெருவில் பன்னிரண்டு வீடுகள். குதிரை நம்பர்தான் வீட்டு நம்பர்.

"மூணாவது வீட்டம்மா இந்நேரத்துக்கே குளிச்ச மாதிரி நிக்கிறாங்க" என்றால் மூன்றாம் நம்பருக்கு வியர்வை. "ஒன்பதாவது வீட்டுல ஒரே ரகளை, யாரையும் கிட்ட விடல" என்றால் ஒன்பது மிரள்கிறது. "ஏழாவது வீட்டுக்காரர் புதுச் சட்டை, ஜம்முனு நடக்கிறார்" என்றால் தோல் மினுமினுக்கிறது, நடை சரி. புருஷன் பெண்டாட்டி வம்பு பேசுகிறார்கள் என்று எல்லாரும் நகர்ந்து போய்விடுவார்கள். எட்டு மாதம் இப்படியே ஓட்டினோம். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. முப்பது வருஷத்தில் நான் சொல்கிறதை அவர் இவ்வளவு கவனமாகக் கேட்டதே இல்லை.

ஆனால் இடது கண் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் காலையில் முகம் கழுவிவிட்டு, துண்டு கொடியில் கண்ணெதிரே தொங்கும்போதே துண்டைக் காணோம் என்று என்னைத் திட்டினார். அன்று செவ்வாய்க்கிழமை. அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, நேராகக் கையேட்டு ஆபீஸுக்குப் போனேன்.

முதலாளி காதில் பேனா செருகியிருப்பார். யார் எதைச் சொன்னாலும் இரண்டு தடவை "அப்படியா" என்பார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்க ஒரு மாசம் லீவு கொடுத்து அனுப்புங்க சார். உங்க பேச்சைத்தான் கேப்பார். நான் சொன்னேன்னு மட்டும் தெரியக்கூடாது" என்றேன்.

"அப்படியா. அப்படியா. சரிம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார்.

நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினேன். என் புத்தியை என்னவென்று சொல்ல! இந்த வீட்டில் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் எனக்குச் சந்தேகப்படத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை போன் வந்தது. "இன்னிக்கு நானும் வளையத்துக்கு வரேன். உங்க பக்கத்துலயே நிக்கிறேன். நீங்க எப்படிப் பாக்கறீங்கன்னு நானும் பாக்கணும்" என்றார் முதலாளி.

போனை வைத்ததும் இவர் முகம் மாறிவிட்டது. "இருபத்தஞ்சு வருஷத்துல ஒருநாள் வளையத்துப் பக்கம் வந்ததில்ல. யாரோ சொல்லியிருக்காங்க" என்றார்.

"சும்மா வருவாரா இருக்கும்" என்றேன். என் குரல் எனக்கே நம்பிக்கையாக இல்லை.

"சும்மா வர நூத்துக்கு ரெண்டு" என்றார்.

பஸ்ஸில் போகும்போது வாய் ஓயவில்லை. கண் தெரியவில்லை என்றால் முதலாளி ஒருநாளும் வைத்துக்கொள்ள மாட்டார், பைனாகுலரோடு எவனாவது ஒருத்தன் அடுத்த வாரமே வந்துவிடுவான், இந்த வேலையை விட்டால் தனக்கு வேறு என்ன தெரியும் என்று பாட்டாகப் பாடிக்கொண்டு வந்தார். கண்ணைக் காப்பாற்றப் போய் அவர் பிழைப்பில் கை வைத்துவிட்டேனோ என்று அப்போதுதான் உறைத்தது.

முதல் ஓட்டத்துக்கு முதலாளி எங்களுக்கு நடுவில் வந்து நின்றார். நான் அவரைத் தாண்டி என் வீட்டுக்காரரிடம் தெருக்கதை சொன்னேன். "நாலாவது வீட்டுப் பொண்ணு கால்ல கட்டுப் போட்டிருக்கா, போன வாரம் இல்ல." இவர் ஒன்றும் தெரியாதவர்போல "அவ அம்மா பாத்துக்குவா" என்று சொல்லிவிட்டு நாலாம் நம்பரின் பங்கைப் பன்னிரண்டிலிருந்து ஏழாகக் குறைத்தார். நாலு கடைசிக்கு முந்தி வந்தது. முதலாளி "அப்படியா" என்றார், ஒரு தடவைதான்.

இரண்டாவது ஓட்டமும் தப்பித்தோம். ஆனால் அது முடிந்ததும் இவர் எடைக்கூடத்துப் பக்கம் விறுவிறு என்று நடந்தார். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஜாக்கிகளை நிறுத்துப் பதிவு செய்கிற எடைக்காரர் அங்கே இருப்பார். இவருக்கு இருபது வருஷ சிநேகிதர், என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். போன மாதம் இவர் தூணில் மோதிக்கொண்டபோது பக்கத்தில் இருந்தவர் அவர் ஒருத்தர்தான். இவருக்கு அது போதுமே.

"முதலாளி உனக்கு எவ்வளவு கொடுத்தார்?" என்று எடுத்த எடுப்பில் கேட்டார்.

எடைக்காரர் திகைத்துப் போனார். "என்ன அண்ணே பேசறீங்க?"

"நடிக்காத. என்னைப் பத்தி நீதானே போய் ஊதின?"

ஜாக்கிகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அந்த நிமிஷம் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. பயம்தான், வேறொன்றுமில்லை.

மூன்றாவது ஓட்டத்தில் முதலாளி குதிரைகளைப் பார்க்கவே இல்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது ஓட்டத்துக்கு நான் வாயைத் திறக்கும் முன்னே மெதுவாகக் கேட்டார்.

"உங்க தெருவுல எத்தனை வீடும்மா?"

"பன்னண்டு சார்."

"அப்படியா. இந்த ஓட்டத்துலயும் பன்னண்டுதான்" என்று சொல்லிச் சிரித்தார். அது கெட்ட சிரிப்பா நல்ல சிரிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இவரும் கேட்டுவிட்டார். கழுத்து நரம்பு புடைத்தது தெரிந்தது. ஆனாலும் சீட்டை எழுதிக் கொடுத்தார்.

அந்த ஓட்டம் முடிந்ததும் கேண்டீனில் மூலை மேஜையைப் பிடித்து உட்கார்ந்தோம். ஓட்ட அட்டையைப் புரட்டி, பின்பக்கத்தில் பெரிய பெரிய எழுத்தாக ஏதோ எழுதினார். நான் டீ வாங்கி வருவதற்குள் எழுதி முடித்திருந்தார். என் பக்கம் தள்ளினார்.

"கூட்டிப் பாரு. நூறு வருதா?"

பார்த்தேன். குதிரைப் பட்டியல் இல்லை. யார் போய்ச் சொல்லியிருப்பார்கள் என்கிற பட்டியல். எடைக்காரர் நாற்பது. கண் டாக்டர் இருபது, அவர் கம்பவுண்டர் பந்தயம் கட்டுகிறவன் என்பதால். வேறொரு கையேட்டுக்கு விலை எழுதுகிற, டோப்பா வைத்த ஆள் இருபது. சொந்தத் தம்பி பதினைந்து. இந்தக் கேண்டீனில் டீ போடுகிறவர் ஐந்து. அவர் டீயைத்தான் குடித்துக்கொண்டிருந்தோம்.

இரண்டு தடவை கூட்டினேன். "வருது" என்றேன்.

"யாராவது விட்டுப்போச்சா?"

"நான் இதுல இல்லையே" என்றேன்.

வாய்விட்டுச் சிரித்தார். காலையிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. "நீ எப்படி இதுல வருவ? நீ என் பக்கம்தானே நிக்கிற" என்றார்.

என் கல்யாணத்துக்கு முன்னால் ஆள் அனுப்பி என் நடையை வேவு பார்த்த மனுஷன். சொந்தத் தம்பிக்குப் பதினைந்து போட்டவர். எனக்கு ஒன்றுகூடப் போடவில்லை. மறந்துபோய் விடவில்லை, நினைப்பே வரவில்லை. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. யார்மேல் கோபம் என்று கேட்டால் எல்லார்மேலும்தான், முதலில் என்மேல்.

"அடுத்த ஓட்டம் முடிஞ்சதும் நிர்வாகத்துல போய் எழுதிக் கொடுக்கப் போறேன். எடைக்கூடத்துச் சேதியை அவன் வெளியில சொல்றான்னு. அதோட அவன் வேலை காலி" என்று இவர் சொல்லிக்கொண்டே போனார். எடைக்காரருக்கு ஓய்வு பெற ஒரு வருஷம்தான் இருந்தது.

இதற்குமேல் சும்மா இருந்தால் நான் மனுஷியே இல்லை.

"அவர் இல்லைங்க. நான்தான் சொன்னேன்" என்றேன்.

"என்ன?"

"முதலாளிகிட்ட. உங்க கண்ணைப் பத்தி. நான்தான் போய்ச் சொன்னேன்."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. போலீஸ்காரர் மாதிரிக் கேட்டார்.

"எப்ப?"

"செவ்வாய்க்கிழமை."

"எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணரை இருக்கும்."

"அக்கா வீட்டுக்குப் போறேன்னு சொன்ன."

"பொய் சொன்னேன்."

"ஏன்?"

"உங்க கண்ணு போயிட்டிருக்கு. நான் சொன்னாக் கேக்கல. அவர் சொன்னாக் கேப்பீங்கன்னு நினைச்சேன். இப்படி வந்து பக்கத்துல நிப்பார்னு சத்தியமாத் தெரியாது."

டீ ஆறிப்போய் ஏடு கட்டியது. அட்டையை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "எடைக்காரன்கிட்ட நீயே போய்ச் சொல்லிடு. எனக்கு வெக்கமா இருக்கு" என்று மட்டும் சொன்னார். எழுந்து, நாற்காலியைத் தடவி, தனியாக வளையத்துப் பக்கம் போனார்.

நான் எடைக்கூடத்துக்கு ஓடினேன். நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டினேன். எடைக்காரர் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"எனக்கு எட்டு மாசமாத் தெரியும் தங்கச்சி. அந்த மூணாவது வீட்டம்மா யாருன்னு எனக்குத் தெரியாதா? யார்கிட்டயும் மூச்சு விடல. அண்ணனை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போ, முதல்ல அதைச் செய்" என்றார்.

ஐந்தாவது ஓட்டத்துக்கான குதிரைகள் வளையத்துக்குள் வந்துவிட்டன. நான் மூச்சிரைக்க அவர் பக்கத்தில் போய் நின்றேன். எட்டாம் நம்பருக்கு அவர் காலையில் இருபத்தைந்து போட்டிருந்தார். ஒன்றுக்கு மூன்று. பலகையில் ஒன்றுக்கு ஆறு. அதாவது இரண்டு மடங்கு. போய்க் குதிரையைப் பார் என்று அவர் விதியே சொல்கிற விலை. பார்த்தேன். எட்டு வியர்வையில் நனைந்துபோயிருந்தது. பின்னங்கால் இடுக்கில் நுரை வெள்ளையாக நின்றது. வாயைத் திறந்து திறந்து மூடியது.

"எட்டாவது வீட்டு அம்மா..." என்று ஆரம்பித்தேன்.

"உன் தெருவை நீயே வெச்சுக்கோ" என்றார். இரண்டடி நகர்ந்து நின்றுகொண்டார்.

அதுதான் அடி. பட்டியலில் இல்லாதவளாக இருந்தேன். இப்போது நூறும் எனக்குத்தான். அவர் காதைச் சாய்த்துக் குளம்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். மண்ணில் சத்தம் எங்கே கேட்கும்? எட்டாம் நம்பரைத் திருத்தவில்லை. 'கட்டலாம்' என்று எழுதி முதலாளியிடம் கொடுத்தார். முதலாளி சீட்டைப் பார்த்தார், வளையத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்படியே அனுப்பினார்.

எட்டு கடைசியில் வந்தது. கடைசிக்கு முன்னால் வந்த குதிரைக்கும் அதற்கும் நடுவில் ஒரு லாரியை ஓட்டலாம்.

சந்தாக்காரர் ஒருவர், பல வருஷமாக இந்தச் சீட்டை நம்பிக் கட்டுகிற வயசானவர், கம்பியோரம் வந்தார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. "நூத்துக்காரரே, அது சோப்புத் தண்ணியில முக்கின மாதிரி இருந்துதே. பக்கத்துல நின்னும் பாக்கலையா நீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

என் வீட்டுக்காரர் கம்பியைப் பிடித்தபடி நின்றார். இந்த மனுஷன் வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் போட்ட தப்பான விலையைத் தேடினவர். குதிரையைப் பார்க்காமல் ஒரு சீட்டுக் கொடுத்ததில்லை. ஜுரத்தோடு போய்ப் பார்த்திருக்கிறார், கொட்டுகிற மழையில் போய்ப் பார்த்திருக்கிறார்.

நான் இரண்டடி தள்ளியே நின்றேன். அப்புறம் மனசு கேட்காமல், எடைக்காரர் சொன்னதை மட்டும் சொன்னேன். எட்டு மாதமாகத் தெரியும் என்பதையும், யாரிடமும் மூச்சு விடவில்லை என்பதையும். சட்டைப்பைக்கு மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டார். "அவனுக்கு நாற்பது போட்டேன்" என்றார், யாரிடமோ சொல்கிற மாதிரி.

கடைசி ஓட்டத்துக்கு மணி அடித்தது. குதிரைகள் ஒவ்வொன்றாக வளையத்துக்குள் வர ஆரம்பித்தன. முதலாளி போனைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். "சீட்டு?" என்று கேட்டார்.

இவர் அவர் பக்கம் திரும்பினார்.

"எனக்குக் கண்ணு தெரியல. எட்டு மாசமா இவதான் பாத்துச் சொல்றா, நான் விலை போடறேன். அஞ்சாவது ஓட்டம் மட்டும் நானே போட்டது, அதான் அப்படி. நான் டாக்டர்கிட்டப் போறேன். அப்புறம் நீங்க என்ன பண்ணணுமோ பண்ணிக்கோங்க. இந்த ஓட்டத்தைச் சரியாப் போட்டுக் கொடுத்துட்டுப் போயிடறேன்."

முதலாளி "அப்படியா" என்று சொல்லவில்லை. போனைத் தாழ்த்தினார்.

இவர் கையை நீட்டித் துழாவி என் தோளைப் பிடித்தார். பிடித்துத் தன் பக்கம் இழுத்து நிறுத்திக்கொண்டார்.

"சொல்லு" என்றார். "வீடெல்லாம் வேணாம். குதிரைன்னே சொல்லு. சத்தமாச் சொல்லு."

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். "ஒண்ணாம் நம்பர்" என்றேன், அதற்குமேல் உதடு கோணிக்கொண்டது.

"அழாம சொல்லு" என்றார் இவர். "நீயும் அழுதா, இங்க யாருக்குக் கண்ணு தெரியும்?"

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்றாம் நம்பரைப் பார்த்தேன். "வியர்வை இல்ல. காது நேரா இருக்கு. நடை சரியா இருக்கு" என்றேன். அவர் பென்சிலை எடுத்தார்.